புதுக்கோட்டை சமஸ்தானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டை என்றதும் சிலருக்குக் கட்டபொம்மன் நினைவுக்கு வருவார். சிலருக்கு ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்த ராஜா நினைவுக்கு வருவார். நாணயம் சேகரிப்பவர்களுக்கு அம்மன் காசு. இவை தனித்தனிக் கதைகளாகவே பேசப்படுகின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு சிறிய அரசு எப்படித் தன் பெயரையும் கொடியையும் காப்பாற்றிக்கொண்டது, அதற்கு என்ன விலை கொடுத்தது என்ற ஒரே கேள்வியின் பல பக்கங்களாகவே நான் இவற்றைப் பார்க்கிறேன். அடிக்கடி எழும் கேள்விகளுக்கு அந்த நோக்கிலேயே விடை எழுதியிருக்கிறேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் எவ்வளவு பெரியது?

சுமார் 1,180 சதுர மைல் பரப்பு. குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என மூன்றே தாலுகாக்கள். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை 3,80,000 அளவில் இருந்தது. திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் ஆகிய பிரிட்டிஷ் மாவட்டங்கள் நாற்புறமும் சூழ்ந்திருந்ததால் கடலோ, பெரிய ஆற்றின் வளமோ அதற்குக் கிடையாது. வெள்ளாறு குறுக்கே ஓடினாலும் அது மழைக்கு மட்டும் பெருகும் ஆறு. பயிர் முழுவதும் கண்மாய்களையும் குளங்களையும் நம்பியது. சென்னை மாகாணத்தோடு தொடர்புடைய ஐந்து சமஸ்தானங்களான திருவிதாங்கூர், கொச்சி, புதுக்கோட்டை, பங்கனப்பள்ளி, சந்தூர் ஆகியவற்றில் இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் முழுமையாக அடங்குவது புதுக்கோட்டை ஒன்றுதான்.

சமஸ்தானத்துக்கும் ஜமீனுக்கும் என்ன வேறுபாடு?

இந்தக் குழப்பம் மிகப் பரவலானது. ஜமீன்தார் என்பவர் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்குள் நிலவரி வசூலிக்கும் உரிமை பெற்றவர். வசூலித்ததில் நிலையான ஒரு தொகையைப் பேஷ்குஷ் என்ற பெயரில் அரசுக்குக் கட்டியாக வேண்டும். கட்டத் தவறினால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். அவருடைய ஊரில் நடக்கும் கொலை வழக்கு பிரிட்டிஷ் நீதிமன்றத்துக்கே செல்லும். சமஸ்தான மன்னருக்கோ சொந்த நீதிமன்றம், சொந்தக் காவல், சொந்தச் சட்டம், சொந்த வரி எல்லாம் உண்டு. அவருடைய குடிகள் சட்டப்படி பிரிட்டிஷ் குடிகள் அல்லர்.

இந்த வேறுபாட்டில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. புதுக்கோட்டை மன்னர்களின் பட்டப்பெயர் தொண்டைமான். முதல் தொண்டைமானுக்கு அந்தச் சீமையைக் கொடுத்தவர் இராமநாதபுரத்து மன்னரான சேதுபதி. ஆனால் 19ஆம் நூற்றாண்டு பிறந்தபோது கொடுத்தவருடைய வழியினர் ஜமீன்தார்களாகச் சுருங்கிப்போனார்கள். பெற்றவருடைய வழியினர் அரசர்களாக நீடித்தார்கள். 1803 வாக்கில் இராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன்களாக மாற்றப்பட்டபோது புதுக்கோட்டை மட்டும் தப்பியது. ஏன் தப்பியது என்பதற்கு விடை அடுத்த சில பதில்களில் இருக்கிறது.

தொண்டைமான்கள் எப்படி அரசரானார்கள்?

அறந்தாங்கியிலும் வேறு சில இடங்களிலும் தொண்டைமான் பட்டம் கொண்ட குடும்பங்கள் இருந்தன. புதுக்கோட்டை அரச மரபைத் தொடங்கியவர் கள்ளர் சமூகத்தைச் சேர்ந்த ரகுநாத ராய தொண்டைமான். அவருடைய சகோதரி காதலி நாச்சியாரைக் கிழவன் சேதுபதி மணந்தார். வெள்ளாற்றுக்குத் தெற்கே சேதுபதியின் கீழ் ஆண்டுவந்த பல்லவராயரை நீக்கிவிட்டு, அந்தச் சீமையைச் சேதுபதி தன் மைத்துனருக்கு அளித்தார். 1686ஐ ஆட்சியின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். ரகுநாதரின் தம்பி நமன தொண்டைமான் குளத்தூரில் தனியே ஆண்டார். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குளத்தூரும் புதுக்கோட்டையோடு சேர்ந்தது.

அக்காலத்து அரசு என்பது வரைபடத்தில் கோடு கிழித்த பரப்பு அன்று. தொண்டைமானின் படை, சம்பளம் வாங்கும் படையாக இல்லாமல், நிலம் பெற்ற படையாக இருந்தது. போருக்குக் கூப்பிட்டால் வேலும் துப்பாக்கியுமாக வந்து நிற்க வேண்டிய கடமைக்கு ஈடாக அமரக்காரர்களுக்கு நிலம் தரப்பட்டது. அவர்களைத் திரட்டி வரும் சேர்வைக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய மானியம். கோயில், சத்திரம், பிராமணர், ஊர்க்காவல், பல்லக்குத் தூக்குவோர், பூ கட்டுவோர் என ஒவ்வொருவருக்கும் ஒரு மானியம் இருந்தது. நிலம் கொடுப்பதுதான் அரசரின் அரசத்தன்மை என்று சொன்னால் மிகையாகாது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கை வைத்தது சரியாக இந்த இடத்தில்தான்.

ஆங்கிலேயரோடு உறவு எப்போது தொடங்கியது?

ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தென்னிந்தியாவில் மோதிய கர்நாடகப் போர்களின்போது. 1750களில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் ஆங்கிலேயரும் அவர்களுடைய ஆதரவு பெற்ற ஆர்க்காட்டு நவாப் முகமது அலியும் முற்றுகைக்குள் சிக்கியிருந்தபோது, நெல்லும் கால்நடையும் தெற்கிலிருந்து, பெரும்பாலும் தொண்டைமானின் காட்டு வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன. அந்த மூட்டைகள் வராமல் போயிருந்தால் திருச்சியை எவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருப்பார்கள் என்பது ஐயமே. அன்று ஆண்டவர் விஜய ரகுநாத ராய தொண்டைமான், ஆட்சிக் காலம் 1730 முதல் 1769 வரை. அதன் பிறகு ஹைதர் அலியுடனான போரிலும் புதுக்கோட்டை கும்பெனி (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) பக்கமே நின்றது.

இவ்வளவு நீண்ட நட்பிலும் இரு தரப்புக்கும் இடையே முறையான உடன்படிக்கை ஒன்று எழுதிக் கையெழுத்தாகவில்லை. ஹைதராபாத், மைசூர், திருவிதாங்கூர் போன்றவற்றுக்கு இருந்த உடன்படிக்கைத் தாள் புதுக்கோட்டைக்கு இல்லை. எழுதப்படாத உறவு என்பது வலியவனுக்கு வசதி, எளியவனுக்கு ஆபத்து. ஆனால் தொடக்கத்தில் தொண்டைமான்களுக்கு அது ஒரு வகையில் ஆதாயமாகவும் இருந்தது: எழுதாததால் கப்பத் தொகையும் எழுதப்படவில்லை.

கட்டபொம்மனைத் தொண்டைமான் காட்டிக்கொடுத்தாரா?

நடந்தது இது. 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கைவிடப்பட்ட பிறகு, வீரபாண்டிய கட்டபொம்மன் வடக்கு நோக்கி வந்தார். அவரைத் தேடிப் பிடிக்கும்படி கலெக்டர் லஷிங்டன் புதுக்கோட்டை மன்னருக்கு எழுதினார். திருக்களம்பூர்க் காட்டுப் பகுதியில் தொண்டைமானின் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்தனர். அவர் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டு, மேஜர் பானர்மன் நடத்திய விசாரணைக்குப் பிறகு 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர் 1789இல் பட்டத்துக்கு வந்த விஜய ரகுநாத தொண்டைமான்.

ஆகவே பிடித்துக் கொடுத்தார்களா என்றால், ஆம். அடைக்கலம் கொடுப்பதாகச் சொல்லி ஏமாற்றிக் காட்டிக்கொடுத்தார் என்று மேடைகளில் சொல்லப்படுவது வேறு குற்றச்சாட்டு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஐம்பது ஆண்டுகளாகக் கும்பெனியின் கூட்டாளியாக இருந்த ஓர் அரசர், கும்பெனி தேடும் ஒருவரைத் தன் எல்லைக்குள் மறைத்து வைத்திருப்பார் என எதிர்பார்ப்பதற்கு அன்றைய அரசியலில் காரணம் எதுவும் இல்லை. ‘தேசம்’ என்ற சொல் அன்று இன்றைய பொருளில் யாரிடமும் இல்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த உண்மையைச் சொல்லி முழுதாகத் தப்பிக்கவும் முடியாது. இரண்டே ஆண்டு கழித்து, 1801 ஜூனில் மருது சகோதரர்கள் திருச்சியில் ஒட்டிய அறிக்கை, ஐரோப்பியரை விரட்ட எல்லாச் சாதியாரும் மதத்தாரும் சேர வேண்டும் என்று அழைத்தது. வேறு விதமாக யோசிக்க அன்று ஆள் இருந்தார்கள். அந்தப் போரிலும் தொண்டைமானின் படை ஆங்கிலேயருக்கே துணை போயிற்று.

புதுக்கோட்டை ஆங்கிலேயருக்குக் கப்பம் கட்டியதா?

பணமாக எதுவும் கட்டவில்லை. இந்தியச் சமஸ்தானங்களில் இது அரிது. எழுத்தில் இருந்த ஒரே கப்பம் ஒரு யானை.

அதன் கதை இப்படி. கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சேர்ந்த ஊர்களையும் தஞ்சாவூரிடமிருந்து நெடுங்காலமாகத் தொண்டைமான்கள் உரிமை கோரிவந்தார்கள். பாளையக்காரர் போர்களில் செய்த உதவிக்குப் பரிசாக 1803இல் கும்பெனி அந்தச் சீமையைக் கொடுத்தது. இங்கிலாந்திலிருந்த இயக்குநர்கள் பின்னர் அதை உறுதி செய்தார்கள். நிபந்தனைகள் இரண்டு: அந்த நிலத்தை வேறு எவருக்கும் பராதீனம் (உரிமை மாற்றம்) செய்யக்கூடாது, ஆண்டுக்கு ஒரு யானை கப்பமாகத் தர வேண்டும். அந்த யானையை எவரும் ஒருமுறைகூடக் கேட்டு வாங்கவில்லை. கேட்காத யானையை 1836இல் முறைப்படி தள்ளுபடியும் செய்தார்கள். நடக்காத ஒன்றுக்கும் கோப்பு திறந்து, முடித்துக் கட்டி வைக்கும் கும்பெனிக் கச்சேரியின் (அலுவலகத்தின்) சுபாவம் இதில் நன்றாகத் தெரிகிறது.

கீழாநிலையைக் கேட்டு வாங்கியபோது தொண்டைமான் இன்னொன்றையும் தந்துவிட்டார் என்றே நினைக்கிறேன். பரிசு வாங்குபவர், கொடுப்பவருடைய மேலாண்மையை ஒப்புக்கொள்கிறார். அதுவரை சேதுபதிக்கோ நவாபுக்கோ நடந்த மரியாதைகள் இனிக் கும்பெனிக்கு என்றாயின.

உண்மையில் ஆட்சி யாருடைய கையில் இருந்தது?

1807இல் மன்னர் இறந்தபோது வாரிசு சிறுவர். தஞ்சாவூர் ரெசிடெண்டாக (கும்பெனியின் பிரதிநிதியாக) இருந்த மேஜர் பிளாக்பர்ன் புதுக்கோட்டையையும் சேர்த்துக் கவனிக்கலானார். கணக்கு, நீதி, காவல் எல்லாவற்றையும் அவர் தஞ்சாவூர் மாதிரியில் அமைத்தார். அதில் ஒரு விளைவு நகைப்புக்குரியது: தமிழ் பேசும் குடிகளும் தமிழ் பேசும் அரசரும் இருந்த ஊரில், தஞ்சையிலிருந்து வந்த உத்தியோகஸ்தர்களோடு மராத்தி கச்சேரி மொழியாயிற்று. வளைந்தும் நெருங்கியும் கிடந்த நகரத் தெருக்கள் நேராக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான். இன்று புதுக்கோட்டையில் ராஜ வீதிகள் சதுரமாக வெட்டிக்கொள்வதைப் பார்த்து வியக்கும் வெளியூர்க்காரர்கள் அதற்குப் பிளாக்பர்னையும் நினைத்துக்கொள்ளலாம்.

பின்னர் மேற்பார்வை மதுரை, தஞ்சாவூர், திருச்சி கலெக்டர்களிடம் மாறி மாறிப் போயிற்று. ‘அரசியல் முகவர்’ என்ற பட்டம் கலெக்டரின் வழக்கமான வேலைகளோடு ஒட்டிக்கொண்ட கூடுதல் பொறுப்பு. 1923இல் அந்த மேற்பார்வையைச் சென்னை மாகாண அரசின் கையிலிருந்து எடுத்து, திருவனந்தபுரத்தில் இருந்த முகவர் வழியாக இந்திய அரசின் நேர்ப்பார்வையில் வைத்தார்கள்.

முகவரின் அதிகாரம் சட்டத்தில் எழுதப்பட்டதன்று. ஆலோசனை என்பதே அதன் பெயர். ஆலோசனையைக் கேளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராமச்சந்திர தொண்டைமான் எடுத்துக்காட்டு. 1839 முதல் 1886 வரை ஆண்ட அவர் அதிகம் செலவழித்தார், கடன் வாங்கினார். 1850களின் நடுவில் சீமையில் கலகம் மூண்டது. ஆங்கிலேயர் அவரைப் பதவியிலிருந்து நீக்கவில்லை. 1859இல் அவருடைய மரியாதைப் பட்டத்தைப் பறித்தார்கள். பத்தாண்டுக்கு மேல் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். வாயில் பெருமையும் பையில் வறுமையுமாக இருந்த அரசருக்கு, பட்டம் இல்லாமல் ஓர் ஊருக்குள் நுழைவது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சேஷையா சாஸ்திரி செய்த சீர்திருத்தங்கள் யாவை?

தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, திருவிதாங்கூரில் 1872 முதல் 1877 வரை திவானாக (தலைமை அமைச்சராக) இருந்த அ. சேஷையா சாஸ்திரி 1878இல் புதுக்கோட்டைக்கு வந்தார். 1894 வரை இருந்தார். இடையில் 1886இல் ராமச்சந்திரர் இறந்து, அவர் தத்தெடுத்திருந்த மகள் வயிற்றுப் பேரன் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் சிறுவராகவே பட்டத்துக்கு வந்ததால், சாஸ்திரிக்குத் தடை சொல்ல எவருமில்லை.

அவர் முதலில் கை வைத்தது அமானி முறையில். அமானி நிலத்தில் குடியானவன் வரியைப் பணமாகக் கட்டுவதில்லை. விளைச்சலில் அரசுக்கு வாரம் (பங்கு) கொடுக்க வேண்டும். கேட்க எளிது. நடைமுறையில், கதிர் முற்றத் தொடங்கியதும் கங்காணி வந்து வரப்பில் உட்கார்ந்துவிடுவான். அதிகாரி வந்து பார்க்காமல் அறுக்கக்கூடாது. அறுத்து அடித்த நெல்லைக் களத்தில் குவித்ததும் யாரும் அள்ளாதபடி பொலி மேல் முத்திரை வைப்பார்கள். அளப்பதற்கு ஆள் வரும் வரை நெல் மழையிலும் பனியிலும் கிடக்கும். காவல் காப்பவன், முத்திரை போடுபவன், அளப்பவன், கணக்கெழுதுபவன் எல்லாருக்கும் கை நனைய வேண்டும். அரசின் பங்கு களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கும் குறையும். குடியானவன் தன் பங்கில் திருடினான், உத்தியோகஸ்தன் அரசின் பங்கில் திருடினான். இரண்டும் நெடுநாள் பழக்கம். சாஸ்திரி இதை ஒழித்து, நிலத்துக்கு ரொக்கத் தீர்வை விதித்தார். முத்திரைக்காக நெல் காத்துக் கிடப்பது நின்றது. விளையாத ஆண்டிலும் பணம் கட்ட வேண்டிய நிலை வந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வானம் பார்த்த கண்மாய்ச் சீமையில் அது சிறிய மாற்றமன்று.

அடுத்தது 1888ஆம் ஆண்டு இனாம் செட்டில்மென்ட். முன்பு சொன்ன அமரம், ஊழிய மானியங்கள் எல்லாவற்றையும் கணக்கெடுத்து, சேவைக் கடமையை நீக்கி, லேசான வரி விதித்து, நிலத்தை அனுபவிப்பவருக்கே உரிமையாக்கினார்கள். போரே இல்லாத காலத்தில் அமரக்காரர்கள் அரண்மனையில் ஏவல் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கட்டாய ஊழியத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் விடுபட்டன. வருவாய் அதிகாரியின் கண்ணுக்கு இது தெளிவான முன்னேற்றம். ஆனால் அரசருக்கும் குடிகளுக்கும் இடையே இருந்த கொடுத்தல், கடமைப்படுதல் என்ற உறவு அன்று அறுந்தது. அதற்குப் பிறகு புதுக்கோட்டை அரசர் ஆடம்பரமும் ஊர்வலமும் கொண்ட பெரிய நில வருவாய்க்காரர். பழைய பொருளில் அரசர் அல்லர். அரச குடும்பத்துக் கிளைகளின் ஜாகீர்களும் (மானியச் சீமைகளும்) இக்காலத்தில் அரசோடு சேர்க்கப்பட்டன.

நகரத்தில் மக்கள் அவரை நினைப்பது குளங்களால். பாசியும் சேறுமாகக் கிடந்த பல்லவன் குளத்தைத் தூர் வாரினார். குடிநீருக்காகப் புதுக்குளத்தைப் பெருக்கினார். உப்பு விஷயத்தில் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதையும் குறிக்க வேண்டும்: பிரிட்டிஷ் உப்பு வருவாய்க்குப் போட்டியாகும் என்று, சமஸ்தானத்தில் மண்ணிலிருந்து உப்புக் காய்ச்சுவது 1887 ஒப்பந்தப்படி நிறுத்தப்பட்டது. ஈடாக ஆண்டுக்கு 38,000 ரூபாய் சமஸ்தானத்துக்கு வந்தது. உப்புக் காய்ச்சியவனுக்கு வேலை போயிற்று. ரூபாய் கஜானாவுக்குப் போயிற்று.

அம்மன் காசு என்றால் என்ன?

புதுக்கோட்டை தன் பெயரில் அடித்த ஒரே நாணயம். மற்றபடி பிரிட்டிஷ் ரூபாயே செலாவணி. சுண்டு விரல் நுனியில் நிற்கும் அளவுள்ள செப்புக் காசு. கையில் வைத்தால் எடையே தெரியாது. ஒரு பக்கம் அமர்ந்த கோலத்தில் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள், மறு பக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. 20 காசு ஓர் அணா. ஆக 320 காசு ஒரு ரூபாய். பழைய காசுகளில் அம்மன் உருவம் ஒரு மேடும் இரண்டு கோடுமாகத் தேய்ந்திருக்கும். தெரிந்தவர் சொன்னால்தான் அது அம்மன் என்று புரியும்.

நவராத்திரியில் அரண்மனையிலிருந்து அரிசியோடு இந்தக் காசையும் தானமாகக் கொடுப்பது வழக்கம். அந்த வழக்கத்தின் வேர் சதாசிவ பிரம்மேந்திரரிடம் இருப்பதாகச் சொல்வார்கள். 1738இல் திருவரங்குளம் காட்டில் மௌன விரதத்தில் திரிந்த அவரை மன்னர் கண்டு உபதேசம் கேட்க, பேசாத துறவி மணலில் மந்திரத்தையும் அறிவுரையையும் எழுதிக் காட்டினார் என்பது அரச குடும்ப மரபு. அந்த மணலை மன்னர் மேல்துண்டில் அள்ளிக்கொண்டு வந்து அரண்மனையில் வைத்து வழிபட்டார். தசரா விழாவும் தானமும் அதன் பின் ஒழுங்கு பெற்றன. அரசர்கள் ‘பிரகதாம்பாள் தாஸ்’ என்ற பெயரைச் சூடிக்கொண்டார்கள். சீமை அம்மனுடையது, தாம் அவளுடைய ஊழியர் என்பது பொருள். திருவனந்தபுரத்துப் பத்மநாப தாசர்களை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

அரையணாவுக்கும் பெறாத காசைப் பிரிட்டிஷ் அரசு ஏன் விட்டுவைத்தது என்று கேட்கலாம். அந்த மதிப்பின்மைதான் அதைக் காப்பாற்றியது. வெள்ளி நாணயம் அடித்திருந்தால் ஒரே கடிதத்தில் நிறுத்தியிருப்பார்கள்.

மக்களுக்கு ஆட்சியில் பங்கு இருந்ததா?

1902இல் பிரதிநிதி சபை ஒன்று அமைந்தது. ஆண்டுக்கு ஒருமுறை கூடி, திவானின் அறிக்கையைக் கேட்டு, குறைகளைச் சொல்லிக் கலையும் சபை. 1924இல் சட்டசபை வந்தது. 50 உறுப்பினர்களில் 35 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தீர்மானம் போடலாம், கேள்வி கேட்கலாம். இறுதி முடிவு சபையுடையதன்று.

சபைக்கு வெளியே கோபம் வேறு வழி தேடியது. 1931 ஜூலையில் புதிய நகராட்சி வரிகளை எதிர்த்து எழுந்த கூட்டம் கச்சேரிகளுக்குள் புகுந்து ஆவணங்களைக் கொளுத்தியது, சிறையிலிருந்தவர்களைத் திறந்துவிட்டது. வெளியிலிருந்து படை வந்த பிறகே நகரம் அடங்கியது. மக்கள் தலைவராக அறியப்பட்ட வழக்கறிஞர் முத்துசாமி வல்லத்தரசு கைதானார். அவரே 1952இல் புதுக்கோட்டையிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி காங்கிரஸின் பெரிய பேச்சாளராகச் சென்னையில் வளர்ந்தார்; சமஸ்தானத்து மண்ணில் பேச்சுக்கு இடம் குறைவு.

ஆனால் இதே சமஸ்தானத்தில் மகாராஜா கல்லூரியில், பழமை விரும்பிகளின் எதிர்ப்பை மீறி, முத்துலட்சுமி என்ற மாணவியைச் சேர்க்க மார்த்தாண்ட பைரவர் அனுமதித்தார். பின்னாளில் மருத்துவராகவும் சென்னைச் சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினராகவும் விளங்கிய முத்துலட்சுமி ரெட்டி அவர். மன்னரின் ஒற்றைச் சொல்லால் ஆட்சி நடக்கும் இடத்தில் இதுவும் நடக்கும், அதுவும் நடக்கும்.

மன்னர் ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்ததால் பட்டம் இழந்தாரா?

சட்டப்படி இழக்கவில்லை, நடைமுறையில் இழந்தார். 1894இல் முழு அதிகாரம் பெற்ற மார்த்தாண்ட பைரவர் ஆங்கிலேய ஆசிரியரிடம் படித்தவர், ஐரோப்பியப் பயணங்களில் நாட்டமுள்ளவர். 1915 ஆகஸ்ட் 10 அன்று மெல்பர்ன் நகரில் மோலி பிங்க் என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். பிரிட்டிஷ் அரசு அத்திருமணத்தை ஏற்கவில்லை. மோலிக்கு ராணி என்ற மரியாதை தரப்படவில்லை. அவ்வாண்டு இறுதியில் இருவரும் புதுக்கோட்டைக்கு வந்தார்கள். சில மாதங்களிலேயே கருவுற்றிருந்த மோலிக்கு உடல் நலம் கெட்டது. அரளி கொடுத்து விட்டார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. 1916இல் ஊரை விட்டுப் போனவர்கள் பிறகு அங்கு குடியிருக்கத் திரும்பவில்லை. அவ்வாண்டே சிட்னியில் மகன் மார்த்தாண்ட சிட்னி பிறந்தார்.

ஆங்கிலேயரின் எதிர்ப்பில் ஒழுக்கக் கவலையைவிட வாரிசுக் கவலையே பெரிது என்பது என் கருத்து. வெள்ளைக்காரத் தாய்க்குப் பிறந்தவன் ஓர் இந்திய அரியணையில் உட்கார்ந்தால், ஆளும் இனம், ஆளப்படும் இனம் என்று அவர்கள் கட்டிவைத்திருந்த சுவரில் ஓட்டை விழும். உள்ளூர் அரச குடும்பத்தின் எதிர்ப்பும் அதோடு சேர்ந்துகொண்டது. சில ஆண்டுப் பேச்சுக்குப் பின் மன்னர் ஈட்டுத் தொகை பெற்றுக்கொண்டு ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகினார். 1922 முதல் அவருடைய சகோதரர் விஜய ரகுநாத துரைராஜா, மன்னருக்குப் பதிலாக ஆளும் ரீஜண்டாக இருந்தார். மன்னர் பெயரளவில் மன்னராகவே பிரான்சில் வாழ்ந்து, 1928 மே மாதம் பாரிஸில் இறந்தார். தகனம் லண்டனில் நடந்தது. அவர் புதுக்கோட்டை மண்ணுக்குத் திரும்பவேயில்லை. மகனுக்கு அரியணை மறுக்கப்பட்டது. மோலி 1967 வரை இருந்தார்.

கடைசி மன்னர் யார்? இணைப்பு எப்படி நடந்தது?

கிளைக் குடும்பத்திலிருந்து பிரிட்டிஷ் அரசு தேர்ந்தெடுத்தவர் ராஜகோபால தொண்டைமான். 1928 நவம்பரில் பட்டம் சூட்டியபோது அவருக்கு வயது 6. ஆக, மீண்டும் ஒரு சிறுவர், மீண்டும் வெளி நிர்வாகம். ராகவையா, ஹோல்ட்ஸ்வர்த், அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்று நிர்வாகிகள் வரிசையாக ஆண்டார்கள். 1934இல் வந்த டாட்டன்ஹாம் 1946இல் இறக்கும் வரை புதுக்கோட்டையிலேயே இருந்துவிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் 1807 முதல் 1944 வரையிலான காலத்தில் மன்னர் சிறுவராக இருந்த ஆண்டுகளும் ஊரில் இல்லாத ஆண்டுகளும் மிகப் பெரிய பங்கு.

1944 ஜனவரியில் ராஜகோபாலர் முழு அதிகாரம் பெற்றார். நான்கு ஆண்டுகளே ஆண்டார். கடைசித் திவான் திருச்சியைச் சேர்ந்த கலிபுல்லா சாகிப். 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. ஹைதராபாத்தைப் போலப் படை வரவில்லை. திருவிதாங்கூரைப் போலத் தனிநாடு பேச்சும் எழவில்லை. 17 குண்டு மரியாதை பெற்றிருந்த அரசரின் அரசு கையெழுத்தோடு முடிந்தது. 1974 ஜனவரி 14 அன்றுதான் புதுக்கோட்டை தனி மாவட்டமானது.

சமஸ்தானத்தின் எச்சங்களாக இன்று என்ன இருக்கின்றன?

1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. சமஸ்தானம் தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளைத் தொகுத்து 1929இல் அச்சிட்டது. குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர், சித்தன்னவாசல் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அந்தத் தொகுப்பைத்தான் புரட்டுகிறார்கள். இவ்வளவு சிறிய அரசு இவ்வளவு கவனமாகத் தன் கற்களைப் படித்தது என்பதில் எனக்கு வியப்பு தீரவில்லை. சதாசிவர் எழுதிய மணல் பழைய அரண்மனை வளாகத்துத் தட்சிணாமூர்த்தி சந்நிதியில் வழிபாட்டில் உள்ளது.

புதிய அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமாகிவிட்டது. திங்கட்கிழமை குறைதீர் நாளில், பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மனு எழுதிக் கொண்டுவந்தவர்கள் அந்த வளைவுகளுக்கும் தூண்களுக்கும் அடியில் வரிசையில் நிற்கிறார்கள்.